பேட்டரி இறங்கும் நேரம்

மார்ச் 4

டெஸ்டிங் மேடத்துக்கு அன்பு.

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, எழுதித் தொலையுங்கள் என்றாய். எழுதிவிட்டேன். நீ அந்த ஊருக்குச் சிப் டெஸ்டிங் வேலைக்குப் போனதிலிருந்து கழுவ ஒரு தட்டு, ஒரு டம்ளர்தான். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

காது கேட்கும் கருவியில் பேட்டரி வோல்ட்டேஜைச் சீராக்கித் தர நான் செய்த ரெகுலேட்டர் மானத்தை வாங்குகிறது. காலையில் நன்றாகக் கேட்கிறதாம், சாயங்காலமானால் ஒரே இரைச்சலாம். என் மேஜையில் எத்தனை தடவை அளந்தாலும் சுத்தமாக இருக்கிறது. "அப்போ உங்க மேஜையையும் சேத்து வித்துடலாமா?" என்கிறார் மேனேஜர். கொஞ்சம் யோசித்துச் சொல்லேன்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 11

டிசைனர் துரைக்கு,

மேஜையில் பவர் சப்ளை வைத்துத்தானே அளந்தீர்கள்? அது சாயங்காலமானாலும் களைக்காது. பேட்டரி களைக்கும். பாதிக்கு மேல் தீர்ந்த ஒன்றைப் போட்டு அளந்து பாருங்கள்.

உள்ளே வரும் வோல்ட்டேஜ் வெளியே போக வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கும்வரைதான் குழாய்த் திருகுபோல் கரண்டை அளந்து விடும் பாஸ் டிரான்சிஸ்டர் சாச்சுரேஷன் என்கிற நல்ல நிலையில் நிற்கும், வருகிற வோல்ட்டேஜ் ஆட்டத்தைத் தன்னோடு நிறுத்திக்கொள்ளும். அந்த இடைவெளி போனதும் லீனியர் பகுதிக்குள் விழுந்துவிடும். கண்ட்ரோல் சர்க்கிட் "இன்னும் திற" என்று கத்தும். முழுசாகத் திறந்து கிடப்பது இன்னும் எப்படித் திறக்கும்? அப்புறம் அது வெறும் ரெசிஸ்டர்தான். இரைச்சல் வந்தால் இரைச்சலை அப்படியே அனுப்பிவிடும். டிரான்சிஸ்டரை அகலமாக்குங்கள், குறைந்த இடைவெளியிலும் தாக்குப்பிடிக்கும்.

இன்னொன்று. என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. மேலும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார்கள். எனக்கு இஷ்டமில்லை. ஆனால் நானாகத் திரும்பி வரமாட்டேன். போன லீவில் அப்படித்தான் வந்தேன். நீங்கள் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்குவதற்குள் சாப்பாடு ஆறிப்போனது. "வந்துடு" என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும். மாதக் கடைசிக்குள் எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 22

கெட்டிக்காரிக்கு,

பழைய பேட்டரியைப் போட்டதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. அகலமாக்கிப் பார்த்தேன், கம்ப்யூட்டர் சிமுலேஷனில் இரைச்சல் போன இடம் தெரியவில்லை. மேனேஜர் எல்லார் முன்னாலும் கைகொடுத்தார். யோசனை உன்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

மூன்று வருடம் நல்ல வாய்ப்புதான். உன் சௌகரியம்போல் செய். நான் குறுக்கே நிற்கமாட்டேன். எதுவானாலும் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம், இப்போது வேலை கழுத்தை நெரிக்கிறது. சாப்பிடத்தான் பிடிக்கவில்லை, தனியாக.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 30

உங்களுக்கு,

மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பெருந்தன்மையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. அங்கே இருக்காதே என்று நீங்கள் சண்டை போட்டிருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன். ரொம்ப அழுதேன். இப்போது கோபம்கூட வரவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. இனி எழுத வேண்டாம்.

டிரான்சிஸ்டரை அகலமாக்கினால் அதைத் திறந்து மூடும் கேட்டில் கெப்பாசிட்டன்ஸ் கூடும், சொன்னதைச் செய்யத் தாமதமாகும். கருவி இழுக்கும் லோடு குறையும்போது சர்க்கிட் நிலையில்லாமல் ஆடக்கூடும். சாம்பிள் போவதற்கு முன்னால் யாரையாவது சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

டெஸ்டிங் மேடம்