அப்பா டை கட்டிக்கொண்ட நாள்

ஷெட்லாந்து, மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு ஹிலரி எழுதுவது. இடுப்பு வலி இப்போது தேவலையா?

போன மாதம் ஊருக்கு வந்து, அரசு உதவிக்கான சோதனையின்போது பராமரிப்பு இல்லத்தில் அப்பாவோடு இருந்தேனே, அதன் முடிவு வந்துவிட்டது. மறதி நோய்க்கு மருத்துவப் பராமரிப்பே தேவை என்று அவர்கள் ஒத்துக்கொண்டால் இல்லத்தின் செலவு முழுவதையும் அரசு ஏற்கும். இதுவரை கட்டியதும் திரும்ப வரும், வீட்டை விற்க வேண்டியதில்லை. அதைச் சோதிக்க வந்த நர்ஸை விருந்தாளி என்று நினைத்து அப்பா டை கட்டிக்கொண்டார்.

"எப்படி இருக்கீங்க, நார்மன்?"

"எனக்கென்னம்மா குறை? நீங்க டீ சாப்பிட்டீங்களா?"

அன்று காலையில்தான் மாத்திரை கொடுத்த பெண்ணை அடித்திருந்தார். நானும் பழக்கதோஷத்தில், "அப்பாவால யாருக்கும் தொந்தரவே இல்லைங்க" என்றேன். நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டார். உதவி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மேல்முறையீடு செய்திருக்கிறேன். அப்பா விழுந்த நாட்களை நீ குறித்து வைத்த டைரியை அனுப்பு. அவர்கள் போனில் கேட்டால், "ஏதோ சமாளிக்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிடாதே. முடிந்தால் நீ பின்னிய காலுறை ஒரு ஜோடியும் சேர்த்து வை.

மீன் ஆலையில் வேலைக்கு மணி அடித்துவிட்டது. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அப்பா நர்ஸிடம் சொன்னாரே, அந்த மாதிரிதான்.

ஹிலரி