உறை மாறிய கடிதம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. நீயும் பேத்தியும் வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இரண்டு வாரம் முன்னால் உன் அண்ணன் என் கையில் இரண்டு கவர் கொடுத்தான். உன் கவரைப் பிரித்தால் கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் வரச்சொன்ன தேதி இருக்கிறது, ஆஸ்பத்திரிக் கவரைப் பிரித்தால் உன் கடிதமும் என் பேத்தி கோணல்மாணலாக எழுதிய ‘பாட்டி’யும் விழுகிறது. நாலு வயதில் புள்ளிகூட விடவில்லை, அது என் ரத்தம். இரண்டையும் ஒன்றாக ஆவியில் காட்டிப் பிரித்த மகாபுத்திசாலி ஒட்டும்போது மாற்றிப் போட்டுவிட்டான். இருபது வருஷமாக வக்கீல் குமாஸ்தா, கட்டுக்கட்டாகக் காகிதம் அடுக்குகிறவன், இந்த லட்சணம். திருடுகிற கைக்கும் கொஞ்சம் சுத்தம் வேண்டாமா?

கேட்டதற்கு முகம்கூட மாறவில்லை. வீடு அவன் பேரில் இருக்கிறதாம், இங்கே வருகிற தபாலைப் பிரிக்க அவனுக்குச் சட்டத்தில் இடம் உண்டாம், அஞ்சாவது படித்த எனக்கு எது புரியும் என்று பார்த்துத்தான் கொடுக்கிறானாம். அவனிடம் என்ன வாய் கொடுப்பது, செருப்பை மாட்டிக்கொண்டு தபாலாபீசுக்கு நடந்தேன். கவுண்டரில் இருக்கிற அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “வீடு யாருதா இருந்தா என்னம்மா, கவர்ல யார் பேரோ அவங்க கடிதம். உங்களைக் கேக்காம பிரிச்சது தப்புதான், எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்” என்றாள். எழுதவில்லை. அவனுக்காக ஒரு தாளை வீணாக்குவானேன்.

அதோடு போயிருந்தால் நானும் துடைத்துப் போட்டிருப்பேன். நீ உன் புருஷனை விட்டு வந்து தனி அறை எடுத்ததை அந்தக் கடிதத்தில்தான் தெரு, கதவு எண்ணோடு எனக்கு மட்டும் என்று எழுதியிருந்தாயே, நேற்று உன் புருஷன் எழுத்தில் உன் அண்ணன் பேருக்கு ஒரு கவர் வந்தது. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இவனுக்கு ஒரு வரி எழுதாத மனுஷன். அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது, கவரைப் பிடித்த விரலில் ஆவியும் பட்டது. அடுப்பை அணைத்துவிட்டேன். இந்த வயதில் அவனாக மாற எனக்கு ஆசை இல்லை.

சாயங்காலம் அவன் சட்டையைக் கழற்றுவதற்குள் நீட்டினேன். “உன் பேர்ல வந்திருக்கு. ஒட்டினது ஒட்டினபடி இருக்கு, நல்லா திருப்பிப் பாத்துக்கோ. இப்ப பிரிச்சு சத்தமா வாசி, எனக்குத்தான் படிப்பு கம்மியாச்சே” என்றேன். உன் அண்ணியும் கரண்டியோடு வந்து நின்றாள். பாதியில் நிறுத்தினான். நிறுத்தின இடத்திலிருந்து வாசிங்க என்று அவள்தான் சொன்னாள், அவள் அம்மாவின் கடிதங்களும் இந்த வீட்டுக்குத்தானே வருகின்றன. முகவரி கொடுத்த உபகாரத்தை உன் புருஷன் மறக்க மாட்டானாம், இருபதாம் தேதி நேரில் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறானாம். வாசித்து முடித்தவன் சாப்பிடாமல் படுத்தான். ஒருத்தரும் எழுப்பவில்லை.

உன் அறையில் போன் இல்லை என்பதால் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். இன்று பத்தாம் தேதி. இருபதுக்குள் அறையை மாற்று. பேத்தியின் பள்ளியில் உன்னைத் தவிர யார் வந்தாலும் அனுப்பக் கூடாது என்று எழுத்தில் கொடு, வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். வேலை செய்கிற இடத்திலும் மேற்பார்வை பார்க்கிற அம்மாளிடம் சொல்லி வை. புது முகவரியை இந்த வீட்டுக்கு எழுதாதே, தபாலாபீசுக்கே என் பேர் போட்டு எழுது, கவுண்டர் அம்மாள் எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள், நான் நடந்துபோய் வாங்கிக்கொள்வேன். இங்கே இப்போது தபால்காரர் மணியடித்தால் உன் அண்ணிதான் ஓடுகிறாள். சட்டம் பேசினவன் தன் கரண்டு பில்லைக்கூட அவளிடம் கேட்டு வாங்குகிறான்.

நீயும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். பயப்படாதே, நான் இருக்கிறேன். இந்தக் கவரைக் கவுண்டரிலேயே ஒட்டி, ஒட்டின இடத்தின் குறுக்கே கையெழுத்துப் போடப்போகிறேன். இனி என்னிடமிருந்து வருகிற எதிலும் அந்தக் கையெழுத்து விலகியிருந்தால் உள்ளே இருப்பதை நம்பாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி.