எம்.எஸ்ஸி.யும் ஓவர்லாக் மிஷினும்

20.6.1990, புதன்

எம்.எஸ்ஸி. குடும்பப் பொருளாதாரம் படிக்க மூன்று கல்லூரிகளில் விசாரித்ததில் கோயமுத்தூரில்தான் கட்டணம் குறைவு. விடுதிச் செலவும் இல்லை, தினமும் பஸ்ஸில் போய் வந்துவிடலாம். ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அம்மாதான் பேசினாள்.

"ஊட்டுலயே பனியன் தைக்க ஓவர்லாக் மிஷின் போடோணும் கண்ணு. அவசியத்துக்குப் போக மிச்சமிருந்தாத்தான் ஆசைன்னு நீதான சொல்லிக் குடுத்தே?"

ஆமாம், நான்தான். பி.எஸ்ஸி. பாடத்தைப் பெருமையாக அம்மாவுக்கு நடத்தினேன். பரீட்சையில் இந்தப் பதிலுக்கு முழு மார்க் கிடைக்கும்.

மிஷின் நாளைக்கே வருகிறதாம். நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவைத்துவிட்டார்கள். என் மேசையை எடுத்துவிட்டு அங்கே போடுவார்கள். அதில் உட்கார்ந்து தைக்கப்போவது யார் என்ற பேச்சே வரவில்லை.