கதவைக் கழற்றியது யார்

அன்பு மகளுக்கு அம்மா, உன் அண்ணன் கையால் எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு எழுதப்போவது எல்லாம் கோபம்தான். அண்ணிக்கு இருமல் விட்டபாடில்லை, வெந்நீர் குடி என்றால் காதில் வாங்குகிறாளா? ஆள் இல்லாமல் போன ஊர்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறேன் என்று பக்கங்களை அனுப்பியிருந்தாயே, அண்ணன் உட்கார்ந்து வாசித்துக் காட்டினான். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், காது நன்றாகவே கேட்கும். மணல் மூடிய ஊருக்குக் காரணம் எழுதியிருக்கிறாய், ஆறு திசைமாறிப் போன ஊருக்கும், மலை நெருப்பைக் கக்கின ஊருக்கும் எழுதியிருக்கிறாய். நாம் வரிசை வீட்டில் குடியிருந்த சுரங்க லைனுக்கு வந்ததும் மட்டும், எந்த வீட்டிலும் கதவு இல்லை, மக்கள் ஏன் போனார்கள் என்பது புதிர் என்று முடித்துவிட்டாய். அண்ணன் போனில் கேட்டதற்கு, புதிர் இருந்தால்தான் விற்கும் என்று உன் பதிப்பக முதலாளி சொன்னதாகச் சொன்னாயாம். அடியே, பெற்றவள் உயிரோடு இருக்கும்போது உனக்கு என்னடி புதிர்?

நான் சொல்கிறேன், எழுதிக்கொள். நம் வீடுகளுக்கு அடியிலேயே சுரங்கத்தை வெட்டினார்கள். சுவர் விரிசல் விட்டதும் மானேஜர் குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒட்டவைத்தார், தரை நகர்ந்தால் இது உடையும், உடைந்தால் வந்து சொல்லுங்கள் என்றார். உடைந்தது, போய்ச் சொன்னோம். உங்கள் பிள்ளைகள் பந்தடித்து உடைத்திருக்கும் என்று வேறு சில்லு ஒட்டிவிட்டுப் போனார். அந்த லைனில் பந்து வாங்க யாருக்கடி வக்கிருந்தது? பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா, சுவத்துல ஒட்டுன கண்ணாடிய அந்தாளு மூஞ்சில ஒட்டுங்கடி, அப்பவாவது கண்ணு தெரியுதா பாப்போம் என்று சொல்லி எங்களைச் சிரிக்கவைப்பாள்.

அவள் வீட்டு வாசல் நிலைதான் முதலில் கோணியது. கதவு இறுகிக்கொண்டது, உள்ளே அவளும் கைக்குழந்தையான நீயும். உன்னை அவளிடம் விட்டுவிட்டுத்தான் நான் தண்ணீருக்குப் போவேன். நான் ஓடி வந்தபோது சன்னல் கம்பிகளுக்கு நடுவே உன்னைத் திணித்து என் கையில் கொடுத்தாள். நீ நுழைந்தாய், அவள் நுழைய முடியவில்லை. உன் அப்பா கடப்பாரையோடு வருவதற்குள் கூரை அவள்மேல் இறங்கிவிட்டது. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கியிருப்பாள், கம்பெனி என்ன செய்யும் என்றாரே அந்த மானேஜர், அந்த வாயை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அன்றைக்கே வீட்டுக்கு வீடு கீலோடு கதவுகளைக் கழற்றினோம், இனி ஒருத்தி உள்ளே மாட்டக் கூடாது என்று. கம்பெனிச் சொத்தைச் சேதப்படுத்தினோமாம், ஆண்களை வேலையைவிட்டு நிறுத்தினார்கள், தண்ணீர்க் குழாயை அடைத்தார்கள். அதற்கப்புறம்தான் சட்டிபானையைத் தூக்கினோம். ஓடிப்போகிறவன் நின்று நிதானமாகக் கதவைக் கழற்றிக்கொண்டிருப்பானா? இதைக்கூட யோசிக்காமலா உன்னைப் படிக்கவைத்தேன்?

அச்சுக்குப் போகுமுன் புதிர் என்பதை அடித்துவிட்டுத் தையல்கார அக்காவை எழுது. முதலாளி முடியாது என்றால் நம் லைனையே அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடு, வேலை போனால் போகட்டும், சோறு இங்கே இருக்கிறது. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. உன் குடும்பம் ஆலாய்த் தழைக்கட்டும், பேத்திக்கு என் முத்தம். அவளைக் குளிப்பாட்டும்போது உன் தோளில் இருக்கும் தழும்பு அவள் கண்ணில் படாமலா இருக்கும், அது அந்தச் சன்னல் கம்பி கிழித்தது. என்னம்மா இது என்று கேட்டால், அதையும் புதிர் என்றுதான் சொல்வாயா?

கோபம் ஆறாத,
உன் அம்மா