கிணற்றடிக் குப்பை

1984 நவம்பர், வெள்ளி இரவு

விடுதிக் குப்பையைக் கிணற்றடியில் கொட்ட வேண்டாம், தூரத்தில் குழி வெட்டித் தாருங்கள் என்று வளாக அதிகாரியிடம் எத்தனை முறை கேட்டேன்! "மாரி மழை முடியட்டும், மேட்ரன்" என்றார். மழையில் அத்தனை ஊத்தையும் கிணற்றில் இறங்கிவிட்டது.

அந்தத் தண்ணீரைக் குடித்த மாணவி பரீதா வயிற்றோட்டத்தோடு கல்முனை ஆசுபத்திரியில் கிடக்கிறாள். இன்று அவளுடைய வாப்பா சம்மாந்துறையிலிருந்து வந்து, விடுதியில் இருந்த அவள் பெட்டியைத் தூக்கினார்.

"படிப்ப நிப்பாட்டிராதீங்க காக்கா" என்று கெஞ்சினேன்.

"புள்ள உசிரோட இருந்தாப் போதும் தங்கச்சி. இனி அனுப்ப மாட்டன்."

அவர் போனபின் நானே மண்வெட்டியை எடுத்தேன். மாணவிகளும் வந்தார்கள். தூரத்தில் குழி வெட்டி, போத்தலையும் தகரத்தையும் ஒதுக்கிவிட்டு அழுகலை அதில் போட்டோம். மழை விடவில்லை. குழி நிரம்பி, ஊத்தைத் தண்ணீர் சரிவில் இறங்கி மறுபடி கிணற்றுப் பக்கமே ஓடியது.

யா அல்லாஹ், மிச்சப் பிள்ளைகளுக்கு நாளைக்கு எந்தத் தண்ணீரைக் கொடுப்பேன்?