பன்றியோடு வந்த அந்தோணியார்

கிள்ளான்,
சனிக்கிழமை மாலை

அன்புத் தம்பி திமோத்திக்கு,

ஆண்டவரின் சமாதானம் உன்னோடு இருக்கட்டும் என்று சொல்லி உன் அக்கா பெர்னடெட் எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். நீ நலம் என்று பிரவின் சொன்னான். மெலிந்திருக்கிறானா என்றேன், 'கவனிக்கலக்கா' என்றான். செலின் சித்தி மகனை வேலை விஷயமாகச் சரவாக்கில் பிந்துலு வரை விமானத்தில் அனுப்பினார்களே, கண்ணையும் சேர்த்து அனுப்பியிருக்கக் கூடாதா? நீ வேலை செய்யும் லோரிப் பட்டறையின் பெயர்ப்பலகையை மட்டும் படம் பிடித்து வந்தான். அந்த முகவரிக்குத்தான் இது வருகிறது. நம்பர் கொடுக்க வேண்டாம் என்று நீ அவனிடம் சொல்லிவிட்டாயாமே. நாலு வருஷம் கழித்துக் கிடைத்த தம்பிக்குத் தபால்தலை வாங்கப் போனேன், கவுண்டரில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. எல்லாம் உன்னால்தான்.

நீ போனதிலிருந்து அப்பா எந்தச் செவ்வாய்க்கிழமையும் அந்தோணியார் நவநாள் செபத்தை விட்டதில்லை. காணாமல் போன சாவிக்கும் கைப்பைக்கும் வேண்டிக்கொள்கிறவர்கள் நடுவில், காணாமல் போன மகனுக்காக உட்கார்ந்திருப்பார். நீ கிடைத்தால் கோயிலுக்குப் புதிதாக ஒரு அந்தோணியார் படம் வரைந்து வைப்பதாக நேர்ந்துகொண்டார். பிரவின் வந்து சொன்னதும் மூட்டு வலியோடு கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்ஃபீல்ட்ஸில் தாமரை என்ற ஓவியரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பூசை அறைகளுக்கு முருகனும் லட்சுமியும் வரைகிற பெண். கத்தோலிக்கப் புனிதர் ஒருவரை வரைவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. நானும் கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் படத் திறப்பு. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் சிவப்பு வெல்வெட் வாங்கி வந்து நானே மூடிவைத்தேன். அளவெடுக்காமல் கண்ணாலேயே பார்த்து வாங்கிய துணி, அடியில் ஒரு சாண் எட்டவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு சாணைத்தான் குனிந்து குனிந்து பார்த்தார்கள். அங்கே ஒரு மூக்கு தெரிந்தது. சாட்சாத் பன்றி மூக்கு. பங்குப் பேரவைத் தலைவர் சவரிநாதன் அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

ஃபாதர் துணியை இழுத்தார். வழக்கமான லீலி மலரைக் காணோம், கையில் குழந்தை இயேசுவையும் காணோம். நரைத்த தாடியோடு ஒரு கிழவர் நிற்கிறார், காலடியில் காட்டுப்பன்றி. பின்னால் அடர்ந்த மழைக்காடு, பிரம்புக் கொடிகள், ஈரம் சொட்டும் பெரிய இலைகள். தொலைந்ததைத் தேடித் தரும் பதுவை அந்தோணியார் வருவார் என்று பார்த்தால் வந்திருப்பது வேறொரு புனிதர், வனத்து அந்தோணியார்! மண்டபமே சலசலத்துப் போய்விட்டது. 'கிறிஸ்மஸ் ஓப்பன் ஹவுஸுக்கு எல்லா மதத்துக்காரங்களும் வர்ற இடம் லா, இங்க போய்ப் பன்னியா?' என்று சவரிநாதன் அங்கிள் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் அப்பாவைத் தேடினேன். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்தபடி நிம்மதியாகக் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

யார் செய்த தவறு என்று தெரியாமல் என் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. திங்கட்கிழமை லீவ் போட்டுவிட்டு தாமரையிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவள் கீழே கடையிலிருந்து தே தாரிக் டீ வாங்கி வந்து கொடுத்து, சண்டைக்கு வழியில்லாமல் செய்துவிட்டாள். 'குழந்தைய வச்சிருக்கிற படத்தைத்தான் முதல்ல ஃபோன்ல காட்டினேன்க்கா. அவரு இல்லம்மா, எனக்கு வனத்து அந்தோணியார்தான் வேணும்னு அங்கிள்தான் சொன்னாரு' என்றாள். பிறகு கொஞ்சம் பயந்தபடி, 'பன்னி அவரோட பழைய படங்கள்லயே இருக்கு. வனம்னா காடுதானே, அதான் காடு வரைஞ்சேன், தப்பா?' என்று கேட்டாள்.

தப்புத்தான். அந்தப் புனிதர் இருந்தது எகிப்துப் பாலைவனத்தில். அங்கே மணலும் பாறையும்தான். வனாந்தரத்தை நம் ஆட்கள் வனம் என்று சுருக்கி வைத்தார்கள், அது இவள் கையில் சரவாக் காடாகிவிட்டது. பாதி வரைந்திருந்தபோது அப்பா மறுபடியும் போய்ப் பார்த்தாராம். மணல் என்று திருத்தவில்லையாம். அந்த இலைகளைக் காட்டி, பிந்துலு பக்கம் இப்படித்தான் இருக்குமா என்று மட்டும் கேட்டாராம்.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். 'தொலைஞ்சவனைத் தேடித் தர்றவர் பதுவை அந்தோணியாரு. தேடித் தந்துட்டாரு. இவன் இப்ப தொலைஞ்சவன் இல்ல, தனியா இருக்கணும்னு போனவன். எல்லாத்தையும் விட்டுட்டுத் தனியா போயி உட்கார்ந்தவருக்குத்தானே இவனைத் தெரியும்' என்றார். வேண்டிக்கொண்டது ஒருவரிடம், நேர்ச்சை இன்னொருவருக்கா என்று விடாமல் கேட்டேன். அதையெல்லாம் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்களாம். சரி, பன்றி எதற்கு என்றேன். 'துணைக்கு' என்றார்.

உனக்கும் ஷாமினிக்கும் விவாகரத்து ஆகி, ஆளாளுக்குப் புத்தி சொல்ல வந்த அந்த நாட்களில், கொஞ்ச நாள் யாரும் என்னைத் தேடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதை அப்பா ஒருவர்தான் நீ சொன்னபடியே எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும் என்றுதான் இத்தனை நாளும் முழங்காலில் இருந்திருக்கிறார். தெரிந்ததும் உன்னை விட்டுவிட்டார். அவனே வரட்டும், நீ ஒன்றும் எழுதாதே என்று என்னிடமும் சொல்லியிருக்கிறார். அவர் தூங்கும் நேரம் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

படத்துக்கு ஒரு வழி பிறந்துவிட்டது. ஃபாதர் அதைப் பாவசங்கீர்த்தன அறைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டிவிட்டார். வரிசையில் நிற்கிறவர்கள் பாவத்தை மறந்துவிட்டுப் பன்றியைப் பார்க்கிறார்கள் என்பது ஒன்றுதான் அவருக்குக் குறை. அவரிடம் ஒரு விஷயம் கேட்டேன். இவ்வளவு காலம் தனியாக இருந்தாரே, அந்தப் புனிதரை யாரும் தேடிப் போகவில்லையா என்று. போனார்களாம். வெளியே காத்திருந்த நண்பர்கள் பொறுக்க முடியாமல் ஒருநாள் அவர் அடைந்துகிடந்த பாழ்க்கோட்டையின் கதவையே உடைத்துவிட்டார்களாம். அதற்காக அவர் கோபித்துக்கொள்ளவில்லையாம். இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

தம்பி, அப்பாவின் பொறுமை எனக்கு வராது. நீ எப்போது சாப்பிடுகிறாய், காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைக்கிறார்கள், மழை பிடித்துக்கொண்டால் சாயங்காலங்களில் என்ன செய்கிறாய், எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். வரச் சொல்லவில்லை. ஆனால் இருக்கிற ஊர் தெரிந்ததால் மட்டும் நீ கிடைத்துவிட்டாய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இந்தச் செவ்வாயும் நான் பழைய அந்தோணியார் முன்னால்தான் உட்கார்ந்தேன். நீயாக ஒரு வார்த்தை எழுதும்வரை எனக்கு நீ தொலைந்தவன்தான்.

காட்டில் இருக்கும் நாளெல்லாம் அந்தக் கிழவர் உனக்குத் துணையாக இருக்கட்டும். வீட்டுக்கு வர மனம் வரும் அன்று தேடித் தருகிற மற்ற அந்தோணியார் உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

உன்னை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் அக்கா,
பெர்னடெட்