தொண்டைக்கு ஓய்வு

மார்ச் 4, செவ்வாய்

மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, பாட்டோடு சேர்ந்து உறுமிக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். இரண்டாவது பாட்டு முடியும் முன்பே குரல் போய்விட்டது. போன வாரமும் இப்படித்தான் ஆனது, வெந்நீர் குடித்ததும் திரும்பி வந்தது. இன்று வரவில்லை. ஹெட்போனில் ஹெவி மெட்டல் பாடகன் அடிவயிற்றிலிருந்து உறுமிக்கொண்டிருக்கிறான். நான் தொட்டி முன்னால் நின்று மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுகிறேன்.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த காலத்தில் குழிக்குள் நின்று உறுமினால் பன்னிரண்டு மாடிக்கும் கேட்கும். கூட வேலை பார்த்தவன் உச்சியிலிருந்து பதிலுக்கு உறுமுவான். அவனும் மெட்டல் பைத்தியம்தான். வேலையை விட்டு நாலு வருடம் ஆகிறது. மகள் பிறந்தபோது இருவரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. மனைவிக்கு மருந்துக் கம்பெனி பரிசோதனைக்கூடத்தில் நல்ல வேலை. எனக்கோ எந்த நேரத்தில் எந்தக் கட்டடத்து லிஃப்டில் யார் மாட்டிக்கொள்வார்கள் என்று தெரியாது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த வீட்டில் உறுமினால் குழாய்தான் சொட்டுகிறது.

மார்ச் 6, வியாழன்

தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்.

"பாடகரா?"

"இல்லைங்க."

"வாத்தியாரா?"

"வீட்ல இருக்கேங்க. குழந்தையப் பாத்துக்கறேன்."

நிமிர்ந்து பார்த்தார். "அப்புறம் எப்படித் தொண்ட இப்படிக் காய்ச்சுப் போயிருக்கு?"

சொன்னேன். மெட்டல் பாட்டு, கூடவே உறுமுவது, பாத்திரம், துணி, எல்லாம். சிரிக்கவில்லை, நல்ல மனிதர். "இதெல்லாம் யாரு கேக்கறதுக்கு?" என்று மட்டும் கேட்டார். நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் போலிருக்கிறது.

இரண்டு குரல்நாணிலும் காய்ப்பு. பதினான்கு நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுப்பும் கூடாதாம், அது இன்னும் கெடுதல். குறையாவிட்டால் அறுவை சிகிச்சை. அப்புறம் குரல் எப்படி இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

மார்ச் 7, வெள்ளி

மகளுக்கு ஒரே கொண்டாட்டம். கை தட்டினால் வா, இரண்டு தட்டினால் சாப்பிடு, தரையில் காலால் தட்டினால் அப்பாவுக்குக் கோபம். சட்டம் எல்லாம் அவள் போட்டது.

மளிகைக் கடையில் நான் சைகை காட்டும் முன்பே அவளே அறிவித்தாள். "எங்கப்பா தொண்டைக்கு லீவு."

கடைக்காரர் சில்லறையை எண்ணிக்கொண்டே, "ஓகோ. எப்பவுமே நீங்க அப்படித்தானேன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

பள்ளி வாசலிலும் அறிவித்தாள். அங்கே அம்மாக்கள் ஐந்தாறு பேர் தினமும் கூடி நிற்பார்கள். நான் போனால் லேசாக விலகி வழி விடுவார்கள். கறுப்புச் சட்டை, அதில் மண்டையோட்டுப் படம், இந்தத் தாடி – நானாக இருந்தாலும் விலகியிருப்பேன். இன்று அதில் ஒருவர் என் முகத்துக்கு நேராக வந்து, ஒவ்வொரு சொல்லாக, உரக்கக் கேட்டார். "காது... கேக்குதாங்க... உங்களுக்கு?"

தலையாட்டினேன். எட்டு மாதத்தில் அவர்கள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

மார்ச் 10, திங்கள்

மதியம் மனைவியிடமிருந்து போன். எடுத்தேன். எடுக்காமல் விட்டால் பயப்படுவாள் என்றுதான் எடுத்தேன்.

"சாப்பிட்டாளா? சரி. இன்னிக்கு லேட்டாகும், ஒரு தொகுதி மருந்து மறுபடி சோதிக்கணும். அந்த நீலப் புடவைய இஸ்திரிக்குக் குடுத்துடுங்க. பால் இருக்கில்ல? சரி, வச்சுடறேன்."

வைத்துவிட்டாள்.

ராத்திரி வந்ததும் புடவை எங்கே என்றாள். கொடுக்க மறந்துவிட்டேன் என்று கையை விரித்தேன். "மத்தியானம் சொன்னேனேங்க. சரின்னீங்களே."

சரின்னது யாரு என்று கத்தத் தோன்றியது. இந்த வீட்டுல சரின்னு சொன்னது யாரு?

காகிதத்தில் எழுதிக் காட்டினேன். "நான் எதுவும் சொல்லல." படித்தாள். "அட, ஆமால்ல. மறந்தே போச்சு, சாரி" என்று குளிக்கப் போனாள். களைத்துப்போய் வந்தவள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் அவள் சோதனைக்கூடம் எப்படி இருக்கும் என்று கேட்டு எத்தனை நாள் ஆகிறது? ஆனாலும் நெஞ்சுக்குள் ஒரு முள். நான் பேசிக்கொண்டிருந்த நாளிலும் இவ்வளவுதான் கேட்டதா?

மார்ச் 11, செவ்வாய்

பாட்டும் போடவில்லை. உறுமாமல் கேட்பது, பசியோடு அடுத்தவன் இலையைப் பார்ப்பது மாதிரி.

மார்ச் 13, வியாழன்

பள்ளியிலிருந்து அழைப்பு. என்னோடு பேச முடியாது என்பதால் ஆசிரியை மனைவிக்கு போன் செய்திருக்கிறார். அவள் அரை நாள் விடுப்புப் போட்டு ஓடிவந்தாள். குழந்தைகளின் நாற்காலியில் இருவரும் முட்டி காதைத் தொட உட்கார்ந்தோம்.

விஷயம் இதுதான். மூன்று நாளாக மகள் வகுப்பில் பேசுவதில்லை. எதைக் கேட்டாலும் அடித்தொண்டையில் ஒரு உறுமல். பக்கத்தில் உட்காரும் பிள்ளை பயந்து அழுதுவிட்டானாம்.

"வீட்ல இவ எப்படி இருக்கா? நாள் பூரா என்ன பண்ணுவா?" ஆசிரியை மனைவியைப் பார்த்துத்தான் கேட்டார்.

மனைவி என் பக்கம் திரும்பினாள்.

நான் எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத அவள் வாங்கிச் சத்தமாகப் படித்தாள். "பன்னிரண்டு மணிக்கு வந்ததும் சாப்பாடு. அப்புறம் பெட்டியெல்லாம் அடுக்கி லிஃப்ட் விளையாட்டு. தூங்குறதுக்கு முன்னாடி பூதம் கதை. பூதத்துக்கு என் உறுமல் குரல். போன வியாழனிலிருந்து அது இல்லை." அடுத்த காகிதம். "எனக்குப் பேச்சுத்துணை அவள் ஒருத்திதான். அவளுக்கும் நான் ஒருத்தன்தான். பகலெல்லாம் இந்த வீட்டில் வேற குரல்..."

அங்கே நிறுத்திவிட்டாள். மீதியை உதட்டுக்குள் படித்தாள். காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மகளைக் கூப்பிட்டு, ஏன் இப்படி என்று ஆசிரியை கேட்டார்.

"அப்பா கொரல் தொலைஞ்சு போச்சு மிஸ். நான் வச்சுருக்கேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகைக்கும் தொண்டை வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

பஸ்ஸில் மகள் என் மடியில். மனைவி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவ என்ன சாப்பிடறான்னு கேக்கறேன். நீங்க சாப்பிட்டீங்களான்னு ஒரு நாள் கேக்கல, இல்ல?"

எழுத முடியாத அளவுக்கு பஸ் குலுங்கியது. நல்லதாகப் போயிற்று.

மார்ச் 14, வெள்ளி

பூதம் கதையை இன்று மனைவி சொல்லிப்பார்த்தாள். பூதத்துக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது. மகள் பெருந்தன்மையாகத் தூங்கிவிட்டாள்.

மார்ச் 20, வியாழன்

காய்ப்பு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. கத்தி வேண்டாம். பேசலாம், மெதுவாக. உறுமல் மட்டும் இனி கிடையாது.

"கொஞ்ச நாள் கழிச்சுக்கூடவா?" என்று கேட்டேன். பதினான்கு நாளுக்குப் பின் பேசிய முதல் பேச்சு. குரல் என்னுடையது மாதிரியே இல்லை. யாரோ சித்தப்பா பேசுவது போல் இருந்தது.

"குரல் வேணுமா, உறுமல் வேணுமா?" என்றார் டாக்டர்.

இருபது வருடமாக அந்த உறுமல் என்னோடு இருந்தது. வேலையை விட்டபோதும் கூட வந்த ஒரே சாமான். வரும் வழியில் யாரும் இல்லாத தெருவில் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 2, புதன்

மனைவி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள். இனிமேல் புதன்கிழமை மதியத்துக்கு மேல் வீட்டில் இருப்பாள். "எங்கயாவது போய்ட்டு வாங்க" என்று இன்று என்னை வெளியே தள்ளாத குறை. நாலு வருடமாக, டாக்டரிடம் தவிர, கையில் பிள்ளை இல்லாமல் நான் எங்கும் போனதில்லை. தெருமுனையில் நின்று கையை எங்கே வைப்பது என்று யோசித்தேன்.

பழைய கிடங்கு ஒன்றில் புதன்தோறும் பகல் நேர மெட்டல் கச்சேரி. நாற்பது பேர் இருப்பார்கள். கிடார் தொடங்கியதும் மார்புக்கூடு அதிர்ந்தது. எல்லோரும் உறுமினார்கள். நான் வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் என் வயதுக்காரர் ஒருவர், நரைத்த தாடி. இடைவெளியில் கேட்டார். "என்னங்க, பிடிக்கலையா?"

"டாக்டர் வேணாம்னுட்டார். தொண்ட."

அவர் தலைமுடியை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் இருந்த கருவியைக் காட்டினார். "எனக்கு இது. போன வருஷம்."

இருவரும் சிரித்துவிட்டோம். அடுத்த பாட்டு ஆரம்பித்தது. பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அடுத்த புதன் வருவாரா என்று கேட்கத் தோன்றியது. அவரே கேட்டார்.

வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் சாவி எடுக்காமல் போனது தெரிந்தது. மணியை அடித்தேன். உள்ளே ஓடிவரும் காலடி, அதன் பின்னால் இன்னொரு காலடி, தாழ்ப்பாள் எட்டாமல் ஒரு சச்சரவு. நாலு வருடமாகக் கதவைத் திறந்துவிடுகிறவன் நான். வெளியே நின்று காத்திருப்பது எப்படி இருக்கும் என்றே மறந்து போயிருந்தது.

"யாரு?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

"நான்தான்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். கேட்டுவிட்டது.